பொதிந்த கட்டுப்பாட்டு அமைப்புகளில் மங்கல் தருக்கம்

மங்கல் தருக்கக் கட்டுப்பாடு என்பது, "அறை சற்று வெப்பமாக இருந்தால் விசிறியை நடுத்தர வேகத்தில் சுழற்று" என்பது போலப் பேச்சு வழக்கில் கூறத்தக்க விதிகளைக் கொண்டு ஒரு கருவியை இயக்கும் முறையாகும். பொறியியல் மாணவரிடையேயும் வணிக விளம்பரங்களிலும் இது ஃபசி லாஜிக் என்ற பெயராலேயே பரவலாக அறியப்படுகிறது. துணி துவைக்கும் இயந்திரம், ரைஸ் குக்கர், நிகழ்படக் கருவி முதலியவற்றினுள் பொதிந்திருக்கும் நுண்கட்டுப்படுத்திகளில் இம்முறை 1980களின் இறுதி முதல் பயன்பட்டு வருகிறது.

பெயர் தரும் குழப்பம்

மங்கல் என்ற சொல்லைக் கொண்டு, இக்கட்டுப்படுத்தி தோராயமாக முடிவெடுக்கும் என்றோ, சூழலுக்கேற்பத் தானே சிந்திக்கும் என்றோ கருதுவது தவறாகும். ஒரே உள்ளீட்டுக்கு அது எப்போதும் ஒரே வெளியீட்டையே தரும். மங்கலாக இருப்பது "வெப்பம்", "இதம்" போன்ற சொற்களின் எல்லைகளே அன்றிக் கணக்கீடு அன்று. வழக்கமான கணக் கோட்பாட்டில் ஒரு பொருள் கணத்தில் இருக்கும் அல்லது இராது. மங்கல் கணத்திலோ அது 0 முதல் 1 வரையான ஓர் உறுப்புமை அளவில் இருக்கலாம். 29 பாகை "0.6 அளவுக்கு வெப்பம்" என்றால், வெப்பமாக இருக்க 60 விழுக்காடு வாய்ப்பு உண்டு என்று பொருளன்று. வெப்பநிலை ஐயத்திற்கிடமின்றி அளக்கப்பட்டுவிட்டது. அதை அச்சொல் எந்த அளவுக்குப் பொருத்தமாக விவரிக்கிறது என்பதே இங்குக் கேள்வி.

வரலாறு

அசர்பைசானின் பக்கூ நகரில் பிறந்து, கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த லொட்ஃபி சாதே (1921 - 2017) மங்கல் கணங்கள் பற்றிய தம் கட்டுரையை 1965 இல் வெளியிட்டார். மொழிசார் மாறிகளையும் "எனில் - அப்படியானால்" வடிவ விதிகளையும் 1973 இல் முன்வைத்தார். அதைப் படித்த இலண்டன் குயின் மேரி கல்லூரியின் இப்ராகிம் மம்தானியும் அவருடைய மாணவர் அசிலியானும் ஒரு சிறிய ஆய்வக நீராவிப் பொறியை இத்தகைய விதிகளால் இயக்கிக் காட்டினர். அதன் விவரம் 1975 இல் வெளியானது. இன்றும் பாடநூல்களில் மம்தானி முறை என வழங்குவது இதுவே. விதியின் முடிவில் மங்கல் கணத்திற்குப் பதிலாக ஒரு சமன்பாட்டை வைக்கும் தக்காகி - சுகேனோ முறை 1985 இல் வந்தது.

அமெரிக்காவில் பிறந்த கருத்து சப்பானிலேயே சந்தையைக் கண்டது. 1987 இல் திறக்கப்பட்ட செந்தாய் நகரச் சுரங்கத் தொடர்வண்டியில், வண்டியை விரைவுபடுத்தவும் நிறுத்தவும் இட்டாச்சி நிறுவனத்தின் மங்கல் கட்டுப்படுத்தி பயன்பட்டது. 1990 இல் மட்சுசிட்டா நிறுவனத்தின் துணி துவைக்கும் இயந்திரம் வெளிவந்தபின் வீட்டுக் கருவிகளில் இச்சொல்லைப் பொறிப்பது ஒரு வேகமான வழக்கமாயிற்று. அவ்வாண்டு சப்பானில் புதுச்சொற்களுக்கு வழங்கப்படும் விருதையும் "ஃபசி" பெற்றது. பின்னர் இந்தியாவில் விற்கப்பட்ட இயந்திரங்களின் முகப்பிலும் விளம்பரத்திலும் இச்சொல் இடம்பெற்றது. முகப்பில் அச்சிட்டிருப்பதை மட்டும் கொண்டு உள்ளே எத்தனை விதிகள் உள்ளன என்று அறிய வழியில்லை.

செயல்படும் முறை: ஓர் எடுத்துக்காட்டு

ஓர் அறையின் வெப்பநிலையையும், அது மாறும் வேகத்தையும் கொண்டு விசிறியை இயக்குவதாகக் கொள்வோம். "இதம்" என்ற கணத்தின் உறுப்புமை 26 பாகையில் முழுமையாக இருந்து 31 பாகையில் சுழியமாகிறது. "வெப்பம்" அதற்கு நேர்மாறாக ஏறுகிறது. 8 பிட்டு நுண்கட்டுப்படுத்தியில் பின்ன எண்களைக் கையாள்வது நேரத்தை விழுங்கும் என்பதால், 0 முதல் 1 வரையான உறுப்புமையை 0 முதல் 255 வரையான முழு எண்ணாகவே வைத்துக்கொள்வது வழக்கம். ஐந்து பாகை அகலமுள்ள சரிவுக்குப் பாகைக்கு 51 வீதம் அமைகிறது.

வெப்பநிலை 29 பாகை எனில் வெப்பம் 3 × 51 = 153, இதம் 2 × 51 = 102. மாறும் வேகத்தை அளந்ததில் "நிலையாக உள்ளது" 204, "ஏறுகிறது" 51 எனக் கிடைத்ததாகக் கொள்க. இதுவரை நடந்தது மங்கலாக்கம் எனப்படும். அடுத்து விதிகள்:

இதம், நிலையாக உள்ளது எனில் மெதுவாக.
இதம், ஏறுகிறது எனில் நடுத்தரமாக.
வெப்பம், நிலையாக உள்ளது எனில் நடுத்தரமாக.
வெப்பம், ஏறுகிறது எனில் விரைவாக.

ஒவ்வொரு விதியிலும் இரு நிபந்தனைகளுள் சிறியதே விதியின் வலிமையாகும். அவை முறையே 102, 51, 153, 51. "நடுத்தரம்" இரு விதிகளில் வருவதால் அவற்றுள் பெரியதான 153 எடுத்துக்கொள்ளப்படுகிறது. மெதுவு 30 விழுக்காடு, நடுத்தரம் 60, விரைவு 90 என முன்னரே குறித்திருந்தால், இறுதிப் படியான தெளிவாக்கம் ஒரு நிறையிட்ட சராசரி மட்டுமே:

(102 × 30 + 153 × 60 + 51 × 90) ÷ (102 + 153 + 51) = 16830 ÷ 306 = 55

விசிறி 55 விழுக்காடு வேகத்தில் சுழலும். வெப்பநிலை சிறிது நகர்ந்தால் வேகமும் சிறிதே நகரும். குறிப்பிட்ட பாகையில் சட்டென இயங்கி நிற்கும் வெப்பநிலைப்பி இதைத் தராது.

நுண்கட்டுப்படுத்தியில் எழுதுதல்

மேற்கண்ட கணக்கில் கழித்தலும் பெருக்கலும், சிறியது பெரியது காணலும், ஒரே ஒரு வகுத்தலுமே உள்ளன. எனவே இதற்கெனத் தனிச் சில்லு தேவையில்லை. 1980களில் அத்தகைய தனிச் சில்லுகள் உருவாக்கப்பட்டன என்றாலும், பொதுவான நுண்கட்டுப்படுத்திகளே இவ்வேலைக்கு நிலைபெற்றன.

மோட்டோரோலா நிறுவனத்தின் 68எச்சி12 குடும்பம் இதில் குறிப்பிடத்தக்கது. செயலியின் கட்டளைத் தொகுதியிலேயே மங்கலாக்கத்திற்கு மெம், விதிகளை மதிப்பிட ரெவ், நிறையிட்ட கூட்டலுக்கு வேவ் ஆகிய கட்டளைகள் சேர்க்கப்பட்டிருந்தன. மெம் கட்டளை ஒவ்வொரு கணத்தையும் ஒரு சரிவகமாகக் கருதி, இரு புள்ளிகள், இரு சரிவுகள் என 4 பைட்டுகளில் பெறுகிறது. ரெவ் கட்டளைக்கான விதிப்பட்டியலில் நிபந்தனைகளையும் முடிவுகளையும் பிரிக்க ஒரு குறியீட்டுப் பைட்டு இடப்படும். இதன்படி மேற்கண்ட விசிறியின் நான்கு கணங்களுக்கு 16 பைட்டு, நான்கு விதிகளுக்கு 20 பைட்டு, மூன்று வேகங்களுக்கு 3 பைட்டு என மொத்த அறிவும் 39 பைட்டுகளில் அடங்கிவிடுகிறது.

முழு எண்களில் கணக்கிடும்போது சில இடர்கள் உண்டு. சரிவும் முழு எண்ணாகவே இருக்க வேண்டும் என்பதால் 100 அலகு அகலமுள்ள சரிவுக்குத் தேவையான 2.55 கிடைக்காது, 2 எனக் கொண்டால் முழு அளவை எட்ட 128 அலகுகள் ஆகும். வரைந்த வடிவம் ஒன்று, இயங்கும் வடிவம் வேறொன்று என்றாகிவிடும். அவ்வாறே 255 × 255 = 65025 என்பதால், இத்தகைய பெருக்கற்பலன்கள் இரண்டைக் கூட்டினாலே 16 பிட்டு நிரம்பி வழியும். 68எச்சி12 இக்கூட்டுத்தொகையை 24 பிட்டில் வைத்துக்கொள்கிறது. சி மொழியில் எழுதுவோர் இதைத் தாமே கவனிக்க வேண்டும். எந்த விதியும் பொருந்தாத உள்ளீட்டில் வகுக்கும் எண் சுழியமாகும் நிலையும் அடிக்கடி மறக்கப்படுவதாகும்.

விதிகளின் எண்ணிக்கை விரைவாகப் பெருகும். இரு உள்ளீடுகளுக்கு ஏழேழு கணங்கள் எனில் 49 விதிகள். மூன்று உள்ளீடுகள் எனில் 343. பொதிந்த அமைப்புகளில் இரண்டு உள்ளீடுகளோடு நிறுத்திக்கொள்வதற்கு இதுவே காரணம். வேறொரு வழி, விடைகளை முன்கூட்டியே கணினியில் கணித்து அட்டவணையாகப் பதிப்பது. இரு 8 பிட்டு உள்ளீடுகளின் முழு அட்டவணைக்கு 65536 பைட்டு தேவை. 16 × 16 கட்டமாகச் சுருக்கி இடைமதிப்புகளைக் கணித்தால் 256 பைட்டு போதும்.

விதிகளை எழுதும் மொழியை ஐ.ஈ.சி. 61131 தரநிலையின் ஏழாம் பகுதி 2000 இல் வரையறுத்தது. ஒரு நிறுவனத்தின் மென்பொருளில் எழுதிய விதிகளை மற்றொன்றில் படிக்க இது உதவுகிறது.

துணி துவைக்கும் இயந்திரத்தில்

அழுக்கை நேரடியாக அளக்கும் உணரி கிடையாது. 1990 ஆம் ஆண்டின் இயந்திரத்தில் ஓர் ஒளியுணரி, துவைக்கும் நீரினூடே எவ்வளவு ஒளி செல்கிறது என்று பார்த்தது. நீர் எந்த அளவுக்குக் கலங்கியது என்பது அழுக்கின் மிகுதியைக் காட்டும். கலங்கல் எவ்வளவு நேரத்தில் நிலைபெற்றது என்பது அழுக்கின் வகையைக் காட்டும்: மண் விரைவில் கரைந்துவிடும், எண்ணெய்ப் பிசுக்கு மெல்ல மெல்லவே விடும். இவ்விரண்டிலிருந்தும் துவைக்கும் நேரத்தை விதிகள் தீர்மானித்தன. இந்த உறவுக்குச் சமன்பாடு எழுதுவது கடினம். ஆனால் துவைத்துப் பழகியவர் சொல்வதை விதியாக எழுதுவது எளிது.

மறுப்புகளும் எல்லைகளும்

1993 இல் சார்லசு எல்கன் வாசித்த கட்டுரை பெரும் விவாதத்தை எழுப்பியது. வெற்றிபெற்ற மங்கல் கட்டுப்படுத்திகளில் விதிகள் மிகக் குறைவு, ஒரு விதியின் முடிவை மற்றொரு விதி எடுத்தாள்வதில்லை, எண்களோ கையால் சரிசெய்யப்பட்டவை. எனவே வெற்றி தருக்கத்தால் வந்ததென்று கூற இயலாது என்பது அவர் வாதம். பல ஆய்வாளர்களின் மறுமொழிகளுடன் இது 1994 இல் மீண்டும் வெளிவந்தது.

இவ்வாதத்தில் உண்மை உண்டு. மேற்கண்ட விசிறியையே எடுத்துக்கொள்வோம். சிறியதைத் தேர்வதற்குப் பதிலாக இரு நிபந்தனைகளையும் பெருக்கி, ஒரே முடிவுடைய விதிகளைக் கூட்டினால் விடை 54 ஆகும். இது 30 + 30 × 0.6 + 30 × 0.2 என்பதே, அதாவது வெப்பநிலைக்கும் அதன் வேகத்துக்கும் ஒவ்வொரு பெருக்கெண் கொடுத்த வழக்கமான நேரியல் கட்டுப்படுத்தி. நான்கு விதிகளை எழுதிப் பெற்றது ஒரு வரிச் சமன்பாட்டில் கிடைக்கிறது. விதிகள் சீராக அடுக்கப்பட்டிருக்கும் வரை இந்நிலைதான். இரண்டாம் விதியின் முடிவை மட்டும் "மெதுவாக" என்று மாற்றினால், அறை இதமாக இருக்கும்போது வெப்பம் ஏறினாலும் விசிறி இரையாது. வெப்பமாக இருக்கும்போது முன்போலவே விரையும். அந்த ஒரு வரிச் சமன்பாட்டால் இதைச் செய்ய இயலாது. இத்தகைய வளைவு தேவைப்படாத இடத்தில் பி.ஐ.டி. கட்டுப்படுத்தியே போதுமானது. தொழிலகங்களில் இன்றும் பெரும்பான்மை அதுவே.

நிலைப்பாட்டை நிறுவுவது மற்றொரு சிக்கல். மம்தானி முறையில் ஊகித்தும் சோதித்தும் பார்ப்பதே பெரும்பாலும் நடைபெறுகிறது. தக்காகி - சுகேனோ வகைக்கு லியாப்புனோவ் சார்பின் வழியாக நிலைப்பாட்டை நிறுவும் வழியைத் தனாக்காவும் சுகேனோவும் 1992 இல் தந்தனர். எனினும் அதற்கு இயக்கப்படும் கருவியின் கணித மாதிரி வேண்டும். மாதிரி இல்லாததால்தானே பலர் இம்முறையை நாடுகின்றனர்.