கருமாற்றக் கன்றின் மரபுத் தரத்தை அறிவது எப்படி?

கருமாற்ற முறையில் பிறக்கும் கன்றுக்கு மரபுத் திறனைத் தருபவை கொடைப் பசுவும் பொலிகாளையும்தான். கன்றைச் சுமக்கும் வாடகைத்தாய்ப் பசுவின் பால் திறன் கன்றுக்கு வராது. ஆனால் அதன் உடல்நலமும் சீம்பாலும் கன்றின் பிறப்பு எடை, தொடக்க வளர்ச்சியைப் பாதிக்கும். எனவே கொழுகொழு கன்றெல்லாம் உயர்ரகம் அல்ல.

ஒரே பசு, ஒரே காளையின் கிடேரிகளும் ஒன்றுபோல் கறப்பதில்லை. ஒப்பீட்டு அடிப்படையைவிடத் தாயின் இனவிருத்தி மதிப்பு 600 கிலோவும் காளையினுடையது 400 கிலோவும் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். கன்றுகளின் எதிர்பார்ப்புச் சராசரி 500 கிலோ. ஒவ்வொரு கன்றும் அதற்கு மேலோ கீழோ அமையும். இந்த வேறுபாட்டை வம்சாவளிச் சான்று காட்டாது. மரபணுப் பரிசோதனை இளம் வயதிலேயே ஓரளவு காட்டும். இந்திய மாடுகளுக்கான 'கௌ சிப்' 2024 அக்டோபரில் வெளியிடப்பட்டது. கிடேரி ஈன்றபின் அதன் பால் பதிவு மதிப்பீட்டை மேலும் உறுதியாக்கும்.

கன்று வாங்குவோர் கவனத்துக்கு:

• கொடைப் பசுவின் ஒருநாள் உச்சக் கறவையை நம்பாமல், 305 நாள் பால் பதிவைக் கேளுங்கள்.

• கொடைப் பசுவுக்குத் தனிக் கவனிப்பு கிடைத்திருக்கலாம். அதே பராமரிப்பில் இருந்த மற்ற பசுக்களோடு ஒப்பிடுங்கள்.

• கொடைப் பசு, காளை, வாடகைத்தாய் மூன்றின் அடையாள எண்களையும் குறித்து வையுங்கள்.