கம்பளமும் தூசியும் - ஒரு சிறிய வரலாறு

ஜவுளிக்கடை, ஹோட்டல், அலுவலகம், திருமண மண்டபம் என்று மக்கள் கூடும் இடங்களில் ஏதாவது ஒரு தரைவிரிப்பு கிடக்கும். விரிப்பது எளிது, சுத்தமாக வைத்திருப்பதுதான் கடினம். இந்தக் கடினமான வேலைக்கும் சுவையான வரலாறு ஒன்று உண்டு. அதைக் கொஞ்சம் பார்ப்போம்.

பவானி ஜமக்காளம்

தமிழ்நாட்டில் விரிப்பு என்றதும் நினைவுக்கு வருவது பவானி ஜமக்காளம். ஈரோடு மாவட்டத்தில் காவிரியும் பவானி ஆறும் கூடும் ஊர் பவானி. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்து ஆலைத் துணிகளின் போட்டியால் நெசவாளர்களின் பிழைப்பு ஆட்டம் கண்டது. அப்போது ஜங்கமர் என்ற நெசவாளர் சமூகத்தினர் தடித்த வண்ண நூலில் பட்டை பட்டையாக விரிப்பு நெய்யத் தொடங்கினார்கள். அது நன்றாக விற்கவே, சேலை நெய்த தறிகளும் ஜமக்காளத்துக்கு மாறின.

பழைய ஜவுளிக்கடைகளில் நாற்காலி கிடையாது. வாடிக்கையாளர் பாயிலோ ஜமக்காளத்திலோ உட்காருவார், கடைக்காரர் எதிரே உட்கார்ந்து சேலைகளை விரித்துக் காட்டுவார். அதன் பராமரிப்பு முறையும் எளிமையானது. முதல் விதி, செருப்பை வாசலில் விடுவது. பாதித் தூசி அங்கேயே நின்றுவிடும்! இரண்டாவது, உதறுவது. மூன்றாவது, பருத்தி என்பதால் தண்ணீரில் அலசி வெயிலில் காயப்போடுவது. பிறகு சுருட்டி, கரையானும் எலியும் அண்டாத இடத்தில் வைத்துவிட்டால் போதும்.

தூக்க முடியாத கம்பளம்

மேல்நாட்டுக் கம்பளத்தின் கதை வேறு. அது கனமானது, செருப்புக் காலோடு நடக்கப்படுவது. வெளியே எடுத்துப்போய்த் தடியால் அடித்துத்தான் தூசி நீக்குவார்கள். இந்தச் சிரமத்துக்குத் தீர்வு கண்டவர்களில் இருவர் கடைக்காரர்களோடு தொடர்புடையவர்கள் என்பது கவனிக்கத்தக்கது.

அமெரிக்காவின் கிராண்ட் ராபிட்ஸ் நகரில் மெல்வில் பிசெல், அன்னா பிசெல் தம்பதியர் பீங்கான் கடை வைத்திருந்தார்கள். பாத்திரங்கள் உடையாமலிருக்க இடையே வைத்து வரும் மரத்தூள் கம்பளத்தில் ஒட்டிக்கொண்டு பாடாய்ப்படுத்தியது. 1876ல் மெல்வில் உருளும் பிரஷ் வைத்த துடைப்பான் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். 1889ல் அவர் இறந்தபின் நிறுவனத்தை நடத்தியவர் அன்னா.

1901ல் லண்டனில் ஹியூபர்ட் செசில் பூத் என்ற பொறியாளர், தூசியை ஊதித் தள்ளாமல் உறிஞ்சும் இயந்திரத்தைச் செய்தார். அது குதிரை வண்டியில் வரும். தெருவில் நிறுத்தி, ஜன்னல் வழியாக நீண்ட குழாயை உள்ளே விடுவார்கள். 1902ல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்காக வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயக் கம்பளங்களை இதுவே சுத்தம் செய்தது. பூத்தின் நிறுவனம் தொடக்கத்தில் இயந்திரத்தை விற்கவில்லை, சுத்தம் செய்யும் சேவையை விற்றது. இன்றைய ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலுக்கு இதை ஒரு முன்னோடி எனலாம்.

மூன்றாமவர் ஜேம்ஸ் மரே ஸ்பேங்ளர். ஒஹையோ மாநிலம் கேண்டன் நகரில் ஒரு பெரிய கடையின் துப்புரவுத் தொழிலாளி, ஆஸ்துமா நோயாளி. கம்பளம் பெருக்கும்போது கிளம்பும் தூசி அவருக்கு மூச்சுத் திணறலைக் கொடுத்தது. மின்விசிறி மோட்டார், சோப்புப் பெட்டி, துடைப்பக் கம்பு, தலையணை உறை ஆகியவற்றை இணைத்து ஓர் இயந்திரம் செய்தார். 1908ல் காப்புரிமை கிடைத்தது. ஆனால் முதலீடு செய்யப் பணம் இல்லை. உரிமையை வாங்கிய வில்லியம் ஹூவரின் பெயரே உலகம் முழுவதும் பரவியது. பிரிட்டனில் அது ஒரு வினைச்சொல்லாகவே ஆகிவிட்டது!

இந்தியாவில்

1982ல் தொடங்கிய யுரேகா ஃபோர்ப்ஸ் நிறுவனம் வீடு வீடாகச் சென்று தூசி உறிஞ்சியை விற்றது. பெரிய அலுவலகங்களில் சுவருக்குச் சுவர் ஒட்டிய செயற்கை இழைக் கம்பளங்களும் வந்தன. ஜமக்காளம் தண்ணீரைத் தேடிப் போகும். ஒட்டிய கம்பளத்துக்கோ தண்ணீர்தான் தேடி வரவேண்டும். அதனால் இயந்திரம் கட்டாயமாகிறது.

காரைக்கால் அருகே கிளிஞ்சல்மேடு போன்ற கடலோர ஊர்ப் பகுதிகளில் இது இன்னும் சிக்கல். கூர்மையான மணல் மிதிபட்டு இழையை அறுக்கும். உப்பு ஈரத்தை இழுக்கும். காயாத கம்பளத்தில் பூஞ்சை பிடிக்கும். எனவே வாசலில் மிதியடி, தினமும் தூசி உறிஞ்சுதல், அதன்பிறகே ஈரச் சுத்தம், உடனே காற்றில் உலர்த்துதல் என்ற வரிசை முக்கியம். மணலை எடுக்காமல் நனைத்தால் சேறுதான் மிஞ்சும்.

முடிவாக...

1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் கைத்தறிக்கென ஒதுக்கிய பொருட்களில் ஜமக்காளமும் ஒன்று. 2005ல் பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனாலும் விசைத்தறிப் போட்டியில் நெசவாளர்கள் திணறுகிறார்கள்.

வணிகக் கணக்கில் கம்பளம் ஒரு சொத்து, அதைச் சுத்தம் செய்வது வெறும் செலவு. செலவைக் குறைக்க நினைக்கும்போது முதலில் கைவைப்பது அதில்தான். கம்பளத்தின் தேய்மானத்துக்குக் கணக்கில் ஒரு வரி உண்டு. அதைப் பெருக்குபவரின் நுரையீரல் தேய்மானத்துக்கு வரி எதுவும் இல்லை. ஸ்பேங்ளரின் தலையணை உறை நூறாண்டுக்கு முன்பே அதைச் சொல்லிவிட்டது. ஒரு முகமூடியும் நல்ல இயந்திரமும் கொடுப்பது எந்த நிறுவனத்துக்கும் பெரிய செலவல்ல.