அசைபோடும் விலங்குகளில் கொழுப்பு மாற்றம்

மாடு, எருமை, ஆடு ஆகியவை தின்னும் தீவனக் கொழுப்பு, முதல் இரைப்பையான அசையூண் வயிற்றில் நுண்ணுயிரிகளால் உருமாறுகிறது. சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துப் பசுவுக்கு வைக்கோலும் கடலைப் புண்ணாக்கும் கிடைக்கின்றன. புண்ணாக்கில் தங்கியிருப்பது இளகிய எண்ணெய். கறந்த பாலில் கிடைப்பதோ மார்கழியில் உறையும் நெய். நுண்ணுயிரிகளின் நொதிகள் முதலில் கொழுப்பை உடைத்துக் கொழுப்பு அமிலங்களைப் பிரிக்கின்றன. நிறைவுறா அமிலங்கள் பாக்டீரியாக்களுக்கு நஞ்சு. எனவே பாக்டீரியாக்கள் ஹைட்ரஜனைச் சேர்த்து, பெரும்பகுதியை எளிதில் உறையும் ஸ்டீரிக் அமிலமாக்கிவிடுகின்றன.

இந்தக் காரணம் தெரியாத காலத்திலேயே நெய் விளைச்சலுக்குக் கணக்கு இருந்தது. ராஜராஜன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளின்படி, ஒரு விளக்குக்கு நாளொன்றுக்கு உழக்கு நெய். அதற்கு 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள். எருமையின் நெய் வளத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்வது கடினம்.

மாட்டுக் கொழுப்பிலும் வெண்ணெயிலும் வாக்சினிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் இருப்பதை 1928இல் பெர்ட்ராம் கண்டறிந்தார். அது எங்கே உருவாகிறது என்பது அப்போது விளங்கவில்லை. 1951இல் ரெய்சர், ஆளிவிதை எண்ணெயை அசையூண் வயிற்றுச் சாறோடு குடுவையில் வைத்துப் பார்த்தார்; எண்ணெயிலிருந்த நிறைவுறா லினோலெனிக் அமிலம் வெகுவாகக் குறைந்தது. மாட்டின் உடலை விட்டுவிட்டு நுண்ணுயிரிகளைப் பார்க்கவைத்த சோதனை இதுதான். 1966இல் கெப்ளர் குழுவினர் பியூட்டிரிவிப்ரியோ என்ற பாக்டீரியாவில் ஹைட்ரஜன் ஏற்றத்தின் இடைநிலை அமிலங்களை அடையாளம் கண்டனர். வாக்சினிக் அமிலமும் அப்படி இடையில் வருவதே.

பால்குடிக்கும் கன்று குடிக்கும் பாலின் கொழுப்புக்கு இந்த மாற்றம் கிடையாது. மாமல்லபுரம் கிருஷ்ண மண்டபத்தில் ஒருவர் பால் கறக்க, பசு தன் கன்றை நக்கிக்கொடுக்கும் சிற்பம் உண்டு. அந்த வயதுக் கன்று மடியில் வாய்வைத்தால், உணவுக்குழாய்ப் பள்ளம் குழல்போல் மடிந்து பாலை நேரே நான்காம் இரைப்பைக்கு அனுப்பிவிடும்.

வளர்ந்த மாட்டுக்கு அதே குறுக்குவழியைச் செயற்கையாகத் தர முயன்றவர்கள் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள். 1970களின் தொடக்கத்தில் எண்ணெயைப் பால்புரதத்தில் பொதிந்து, நுண்ணுயிரிகள் உடைக்காதபடி ஃபார்மலின் ஏற்றிக் கொடுத்தனர். பின்னர் வந்த, கொழுப்பு அமிலங்களின் கால்சியம் சோப்பு, அசையூண் வயிற்றில் பெரும்பாலும் கரையாமல் கடந்து, நான்காம் இரைப்பையின் அமிலத்தில் பிரிகிறது. கடையில் இதன் பெயர் பைபாஸ் கொழுப்பு.

பால் சொசைட்டியில் பாலுக்கு விலை ஃபேட் (கொழுப்பு), எஸ்.என்.எஃப். (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) பார்த்துத்தான். அதற்காகத் தீவனத்தில் எண்ணெயை ஊற்றுவது வீண்வேலை. தீவனத்தின் உலர்பொருளில் கொழுப்பு 6–7 சதவீதத்தைத் தாண்டினால் வைக்கோலின் நார் சரியாகச் செரிக்காது, ஃபேட்டும் இறங்கலாம். பைபாஸ் கொழுப்பு, கன்று ஈன்ற முதல் சில மாதங்களில், நிறையக் கறக்கும் கலப்பினப் பசுக்களுக்கே கட்டுபடியாகும்.