மீனில்லாத குளத்தில் வீசிய தூண்டில்

சான் பிரான்சிஸ்கோ நகரின் கோல்டன் கேட் பூங்காவில் அமெரிக்கக் காட்டெருமைகளை அடைத்து வளர்க்கும் வெளி ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் அவற்றைப் பார்க்கச் சென்ற நாம், பார்த்து முடித்துத் திரும்புகையில் அருகில் மரங்களுக்கு நடுவே மூன்று குளங்கள் இருக்கக் கண்டோம். கரையில் முதியவர் ஒருவர் தூண்டில் வீசிக்கொண்டிருந்தார். கயிறு அவர் தலைக்கு மேலே பின்னே போய், ஒரு கணம் காற்றில் நீண்டு நின்று, பிறகு முன்னே வந்து, நீரில் மிதந்த வளையம் ஒன்றினுள் ஓசையின்றி இறங்கியது.

"மீன் ஏதேனும் அகப்பட்டதா?" என்று ஊர் வழக்கப்படி கேட்டு வைத்தோம்.

"இந்தக் குளத்தில் மீனே கிடையாது" என்றார் அவர், சற்றும் வருத்தமில்லாமல். பிறகு தூண்டிலின் நுனியைத் தூக்கிக் காட்டினார். முள்ளும் இல்லை! முள் இருக்க வேண்டிய இடத்தில் சிவப்புக் கம்பளி நூலின் துணுக்கொன்று முடியப்பட்டிருந்தது. வீட்டுக் கொல்லைப் புல்தரையில் நாள்தோறும் வீசிப் பழகுவதாகவும், ஞாயிறுகளில் மட்டும் இங்கே வருவதாகவும் சொன்னார்.

மீனில்லாத குளத்தில் முள்ளில்லாத தூண்டிலை எதற்காக ஒருவர் வீச வேண்டும்? இந்தக் கேள்வியோடு வீடு திரும்பிப் படிக்கத் தொடங்கிய நமக்கு, அதன் பின்னே ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு வரலாறு இருப்பது தெரியவந்தது. அதைத்தான் அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

நம் ஊர்க் குளக்கரைகளில் சிறுவர்கள் பிடிக்கும் தூண்டிலை நினைவுகூருங்கள். ஒரு மூங்கில் குச்சி, அதன் நுனியில் கட்டிய நரம்பு, ஒரு தக்கை, ஒரு முள், ஒரு மண்புழு. இதில் வீச்சு என்று தனியே ஒன்றில்லை. குச்சி எட்டும் தொலைவுதான் தூண்டில் எட்டும் தொலைவு. 1653இல் ஐசக் வால்டன் எழுதிய புகழ்பெற்ற ஆங்கிலத் தூண்டில் நூலின் காலத்திலும் நிலைமை பெரிதும் இதுவே. கோல் மட்டும் மிக நீண்டது. நரம்புக்குப் பதில் குதிரை வால் மயிரை முறுக்கிய கயிறு. அந்தக் கயிற்றைப் பெரும்பாலும் கோலின் நுனியிலேயே கட்டினார்கள். அப்படிப்பட்ட தூண்டிலைக் கொல்லையில் நின்று பழகவேண்டிய தேவை எவருக்கும் எழுந்திராது.

தேவையை உண்டாக்கியவை இரண்டு. ஒன்று ரீல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கென்டக்கி மாநிலத்தில் ஜார்ஜ் ஸ்னைடர் போன்ற கடிகாரத் தச்சர்கள், பல்சக்கரம் வைத்து விரைந்து சுழலும் ரீல்களைச் செய்தனர். குண்டு கட்டிய கயிற்றை வீசினால் ரீல் தானே சுழன்று கயிற்றை விடும். ஆனால் குண்டு வேகம் குறையும்போது ரீல் குறையாது. கட்டைவிரலால் அதை மெல்ல அழுத்தித் தடுக்கவில்லையெனில் கயிறு குருவிக்கூடு போலச் சிக்கிக்கொள்ளும். விரலுக்கு இந்த நுட்பம் பிடிபட நூற்றுக்கணக்கான வீச்சுகள் தேவை. ஆற்றங்கரையில் போய் நின்று இதைக் கற்றால் அந்தப் பருவம் முழுவதும் சிக்கெடுப்பதிலேயே கழிந்துவிடும்! (1905இல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டைச் சேர்ந்த கம்பளி ஆலை முதலாளி ஆல்ஃபிரட் இல்லிங்வொர்த், தம் ஆலையில் கதிரிலிருந்து நூல் உருவிக்கொண்டு வருவதைப் போலவே, உருளை சுழலாமல் அதன் முனை வழியே கயிறு உருவி வரும் ரீலுக்குக் காப்புரிமை பெற்றார். கட்டைவிரலின் சங்கடம் அதன்பின் குறைந்தது.)

மற்றொன்று, நாம் குளக்கரையில் கண்ட ஈத்தூண்டில். இறகும் நூலும் சுற்றிப் பூச்சி போலச் செய்த முள்ளுக்கு எடையே கிடையாது. எடையில்லாத பொருளை எறிய முடியாதல்லவா? ஆகவே இங்கே எறியப்படுவது முள் அன்று, கயிறு. எண்ணெய் ஊட்டிய கனத்த பட்டுக் கயிற்றைப் பின்னே வீசி, அது முழுவதும் நீளும்வரை பொறுத்து, பிறகு முன்னே செலுத்தவேண்டும். பொறுக்காமல் செலுத்தினால் சாட்டையடி போல ஓசையெழும். முள் அறுந்து போகும். மிகவும் பொறுத்தால் கயிறு தாழ்ந்து பின்னாலுள்ள புதரைப் பிடித்துக்கொள்ளும். பிழை நேர்வது முதுகுக்குப் பின்னே. கண்ணோ முன்னே ஆற்றில் மீன் மேலே வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும். மீனும் நீரோட்டமும் இல்லாத புல்தரையில் மட்டுமே ஒருவன் தலையைத் திருப்பித் தன் பிழையைத் தானே பார்க்க இயலும். கொல்லைப்புறப் பயிற்சியின் முழு நியாயமும் இந்த ஒரு திரும்பலில் அடங்கியிருக்கிறது என்பது நம் எண்ணம்.

கோலும் இக்காலத்தில் மாறியது. 1840களில் பென்சில்வேனியாவின் ஈஸ்டன் நகரில் துப்பாக்கியும் வயலினும் செய்துவந்த சாமுவேல் ஃபிலிப், மூங்கிலைச் சிம்புகளாகப் பிளந்து ஒட்டிக் கோல் செய்தார். மெயின் மாநிலத்து ஹைராம் லெனார்டு பின்னர் ஆறு சிம்புக் கோல்களைப் பெருமளவில் செய்து விற்றார். அந்த மூங்கிலுக்கு அமெரிக்கர் இட்ட பெயர் 'கல்கத்தா மூங்கில்' என்பதறிந்து நாம் மகிழ்ந்தோம்! இந்தியாவிலிருந்து கப்பலேறிய மூங்கில்தான் நியூயார்க்கு ஆறுகளின் மேல் வளைந்திருக்கிறது. இருபதாம் நூற்றாண்டில் அந்த இடத்தைத் தெற்குச் சீனத்தின் குவாங்தோங் மூங்கில் பிடித்துக்கொண்டது. வணிகர்கள் அதற்கு 'டோங்கின்' என்று வியட்நாம் நாட்டுப் பகுதியின் பெயரை வைத்துவிட்டார்கள். மூங்கிலுக்குப் பெயரிடுவதில் எவரும் நிலப்படத்தைப் புரட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

நல்ல கோலும் நல்ல ரீலும் கைக்கு வந்ததும், யார் தொலைவாக வீசுவார் என்ற போட்டி பிறந்தது. 1880களில் நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்கா ஏரியில் வீச்சுப் போட்டிகள் நடந்தன. 1883இல் இலண்டனில் நடந்த பன்னாட்டு மீன்வளக் கண்காட்சியை ஒட்டிய போட்டியில் ரூபன் வுட் என்ற அமெரிக்கர் வென்று திரும்பினார். 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியிலும் வீச்சுப் போட்டி இடம்பெற்றது. 1906இல் இக்கழகங்கள் ஒன்றுகூடி ஒரு தேசிய அமைப்பை நிறுவியபோது அதற்கு 'அறிவியல்முறைத் தூண்டிற் கழகங்களின் தேசியச் சங்கம்' என்று பெயரிட்டன. 'அறிவியல்' என்ற சொல்லின் மீது அந்தத் தலைமுறைக்கு இருந்த காதல் அப்படி! இன்று அமெரிக்க வீச்சுச் சங்கம் என வழங்குவது அதன் வழிவந்ததே.

ஆற்றங்கரைப் பெரியோர் இதை ரசிக்கவில்லை. மீன் பிடிக்காதவர்கள் மீன் பிடிப்பதைப் போல நடிக்கிறார்கள் என்பது அவர்கள் குற்றச்சாட்டு. அதில் உண்மை இல்லாமலில்லை. டிரவுட் மீன் பெரும்பாலும் முப்பது நாற்பது அடிக்குள்ளேயே அகப்படுகிறது. நூறடிக்கு அப்பால் வீசத் தெரிந்தவன் அந்த ஆற்றில் என்ன செய்வான்? ஓடும் நீர் கயிற்றை இழுப்பதையும், அந்த இழுப்பில் போலி ஈ செயற்கையாக நகர்ந்து மீனை விரட்டிவிடுவதையும் எந்தப் புல்தரையும் கற்றுத்தராது. தரைப்பயிற்சியாளர் இன்றும் ஒத்துக்கொள்ளும் குறை இது.

ஆயினும் கொல்லையிலிருந்து ஆற்றுக்குப் போனவற்றையும் கணக்கில் எடுக்கவேண்டும். ஓரிகன் மாநிலம் போர்ட்லண்டைச் சேர்ந்த மார்வின் ஹெட்ஜ், 1934இல் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த தேசியப் போட்டியில், வலக்கை கோலை வீசும்போதே இடக்கையால் கயிற்றை வெடுக்கென இழுத்தார். பின்வீச்சில் ஒருமுறை, முன்வீச்சில் ஒருமுறை. கயிற்றின் வேகம் பெருகியது, பழைய சாதனை தகர்ந்தது. போட்டிக்காகவே பழகிய இந்த இரட்டை இழுப்பு இல்லாமல் இன்று கடற்கரையில் எதிர்காற்றில் ஈத்தூண்டில் வீசுவோர் அரிது. வெறும் விளையாட்டு என்று நகைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் அதைக் கட்டணம் செலுத்திக் கற்கிறார்கள்.

நாம் பார்த்த குளங்களும் இதே காலத்தவை. பெரும் பொருளாதார மந்தத்தில் வேலையிழந்தோர்க்கு வேலை தரும் பொருட்டு அமெரிக்க அரசு நடத்திய பொதுப்பணித் திட்டத்தின்கீழ் 1938இல் கட்டப்பட்டவை. ஊர்ப்பஞ்சத்தில் குளம் வெட்டுவது நமக்குப் புதிதன்று; மீன் விடாமல் குளம் வெட்டியதுதான் புதிது.

அக்குளக்கரைப் பரம்பரையில் வந்தவர் மைரன் கிரிகரி. அவர் தலைப்பட்டுச் செய்த பணி ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. பட்டுக் கயிறுகளின் பருமனை ஆங்கில எழுத்துகளால் குறிப்பது பழைய வழக்கம். நைலான் வந்ததும் அது பொருளிழந்தது. பருமன் ஒன்றாக இருந்தாலும் எடை வேறு. ஒரு கோலுக்கு எந்தக் கயிறு பொருந்தும் என்று கடைக்காரருக்கே தெரியாத நிலை. வீச்சுக்கு வேண்டியது எடைதான் என்பது புல்தரையில் ஆயிரம் முறை வீசிய கைகளுக்குத் தெரிந்திருந்தது. 1961இல் அமெரிக்க மீன்பிடிக் கருவி உற்பத்தியாளர் சங்கம், கயிற்றின் முதல் முப்பதடியின் எடையைக் கொண்டு எண்ணிடும் முறையை ஏற்றுக்கொண்டது. ஐந்தாம் எண் என்றால் 140 கிரெயின், ஆறு என்றால் 160. உலகின் எந்தக் கடையிலும் இன்று ஈத்தூண்டில் கயிற்றின் பெட்டியில் காணும் எண் இதுவே.

இவ்வரலாற்றில் நம்மை மிகவும் ஈர்த்தவர் ஒரு பெண்மணி. நியூஜெர்சியின் பேட்டர்சன் நகரில் 1926இல் பிறந்த ஜோன் சால்வாட்டோ. சிறுமியாக இருக்கையில் பெற்றோருடன் படகில் போனார். தந்தை தூண்டில் வீச, தாய் துடுப்பு வலித்தார். படகு சரியான இடத்தில் நிற்கவில்லையென்று திட்டு வாங்கியவரும் தாயே. துடுப்பு வலிப்பவராக இருப்பதைவிடத் தூண்டில் வீசுபவராக இருப்பதே மேல் என்று அன்றே தமக்குப் பட்டதாக அவர் பின்னாளில் சொன்னதுண்டு.

மகனுக்கு வீசக் கற்றுத்தந்த தந்தை மகளை நினைக்கவில்லை. பத்து வயதில் தாயின் அனுமதியோடு தந்தையின் கோலை எடுத்துக்கொண்டு குளத்துக்குப் போனார் ஜோன். வீசிய வேகத்தில் கோலின் மேல்பாதி கழன்று நீரில் விழுந்துவிட்டது! அண்டைவீட்டுக்காரர் வாரியால் துழாவி எடுத்துக் கொடுத்தார். அடி விழும் என்று அஞ்சியிருந்த மகளைத் தந்தை வீச்சுக் கழகத்தின் பயிற்சிக்கு அழைத்துப் போனார். அதன்பின் நடந்தவை பதிவேட்டில் உள்ளன. 1943 முதல் 1960 வரை பதினேழு தேசியப் பட்டங்கள். 1951இல் எதிர்நின்றோர் அனைவரும் ஆண்களாக இருந்த தொலைவீச்சுப் போட்டியில் முதலிடம். 1960இல் 161 அடி வீச்சு.

அதனினும் பெரிதாக நமக்குப் படுவது வேறு. ஜோன் இளமையில் நடனப்பள்ளி நடத்தியவர். உடலின் அசைவைப் பகுத்துப் பெயரிட்டுக் கற்பிப்பது அவர் தொழில். வீச்சுக்கு அதுவரை அப்படியொரு மொழி இல்லை. 'என்னைப் பார், அப்படியே செய்' என்பதே பாடம். முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவே ஒரு புத்தகத்தை இடுக்கிக்கொண்டு, கடிகாரத்தின் பத்துக்கும் இரண்டுக்கும் இடையே கோலை ஆட்டச் சொல்வார்கள். (மொன்டானாவைக் களமாகக் கொண்டு நார்மன் மக்லீன் 1976இல் வெளியிட்ட குறுநாவலில், பாதிரியாரான தந்தை பியானோவின் தாளக்கருவியை வைத்துப் பிள்ளைகளுக்கு வீச்சுப் பழக்குவதை ராபர்ட் ரெட்ஃபோர்டின் 1992ஆம் ஆண்டுத் திரைப்படம் வழியாகப் பலர் அறிந்திருப்பர்.) ஆளுயரமும் தோள்வலியும் உள்ளவனுக்கு அது போதும், சிறிய உடலுக்குப் போதாது. கணவர் லீ வுல்ஃபுடன் 1979இல் பள்ளி தொடங்கிய ஜோன், 1987இல் எழுதிய நூலில் வீச்சின் ஒவ்வொரு கூறுக்கும் தனித்தனியே பெயர் வைத்தார். கோலை வளைத்துச் சுமையேற்றும் கட்டம், விசையைச் சொடுக்கி விடும் கட்டம் என அடவு பிரித்தாற்போல அவர் வகுத்ததால், வலிமை குறைந்தவரும் எங்கே பிழை என்று சொல்லித் திருத்திக்கொள்ள முடிந்தது.

முதியவரிடம் திரும்புவோம். நாம் விடைபெறும் முன் கோலை நம் கையில் கொடுத்து, "நீங்களும் வீசிப் பாருங்கள்" என்றார். முதல் வீச்சில் கயிறு நம் தோளில் விழுந்தது. இரண்டாவது, காலடியில். "குளத்தைப் பார்க்காதீர்கள், பின்னால் திரும்பிக் கயிற்றைப் பாருங்கள்" என்றார். திரும்பினோம். சிவப்பு நூல் மாலை வெயிலில் மெல்ல மெல்ல விரிந்து போய்க்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் முன்னே செலுத்த மறந்துபோனோம். அது பின்னாலிருந்த புதரில் போய்ச் சிக்கிக்கொண்டது. அவர் சிரித்தபடி அதை விடுவிக்கப் போனார்.