மணல், எட்டு வயசு வாத்தியார்

வகுப்பறைத் தொழில்நுட்பம்னு சொன்னாலே புரொஜெக்டரும் டேப்லெட்டும்தான் ஞாபகம் வரும். 1790-களின் மதராஸில் அது மணல்.

எழும்பூரில் ராணுவத்தினரின் பிள்ளைகளுக்கான அநாதைப் பள்ளியை 1789 முதல் நடத்தியவர் ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல். உள்ளூர்த் திண்ணைப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்தார். காகிதச் செலவில்லை, தப்பானால் தடவிவிடலாம். தன் பள்ளியிலும் அப்படியே சொல்லிக்கொடுக்கச் சொன்னார். உதவி ஆசிரியர் முடியவே முடியாது என்றுவிட்டார்.

உடனே ஏபிசிடி வகுப்பை ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயசுப் பையனிடம் கொடுத்தார் பெல். அவன் சொன்னபடி செய்தான், வகுப்பும் கற்றுக்கொண்டது. அப்புறம் மற்ற வகுப்புகளும் பையன்கள் கைக்குப் போயின. பெரியவர்களுக்கு மேற்பார்வைதான் மிச்சம். 1797-இல் பெல் இதை லண்டனில் புத்தகமாக்கினார். 'மதராஸ் முறை' இங்கிலாந்தில் பரவியது.

மென்பொருள் எழுதுகிற எனக்கு அந்த உதவி ஆசிரியர்மேல்தான் கண். அவருக்கு மணல் புரியாமலா இருந்திருக்கும்? அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதும் புரிந்திருக்கலாம்.