வாயில்லா ஜீவனின் குரல்

நாயைத் தலைமைப் பாத்திரமாக்கிய குடும்பப் படங்களில் அதன் உள்ளத்தை நமக்கு உரைப்பது வசனமன்று, வாத்திய இசையே. 1943-இல் எம்.ஜி.எம். நிறுவனம் வெளியிட்ட 'லாஸி கம் ஹோம்' இதற்குத் தக்க சான்று. வறுமையால் விற்கப்பட்டு ஸ்காட்லாந்துக்குக் கொண்டு செல்லப்பட்ட லாஸி, தன்னை வளர்த்த சிறுவனை நாடி, யார்க்‌ஷயர் வரை நடந்தே திரும்புகிறது. அது தனித்து நடக்கும் காட்சிகளில் பேச்சுக்கு இடமேது? அதன் ஏக்கத்தையும் களைப்பையும் பல்லிய இசையால் உணர்த்தியவர் டேனியல் அம்ஃபிதியாத்ரோஃப். 1901-இல் ரஷ்யாவில் பிறந்து, ரோமாபுரியில் ரெஸ்பீகியிடம் பயின்று, அமெரிக்காவில் குடியேறிய அவரும் நம்மைப் போல் புலம்பெயர்ந்தவரே.

2022-இல் வெளிவந்த '777 சார்லி' என்னும் கன்னடப் படம் தமிழ், மலையாளம், தெலுங்கு, இந்தி ஆகிய மொழிகளிலும் திரையிடப்பட்டது. வசனம் மொழிக்கு மொழி மாறியது. சார்லியின் மௌனத்துக்குத் துணைநின்ற நோபின் பாலின் பின்னணி இசைக்கோ மொழிமாற்றம் வேண்டியிருக்கவில்லை.

மட்டாஞ்சேரியில் வாழும் நமக்கு இது சிறு செய்தியன்று. மலையாளத்தில் கல்வி பயிலும் பேரனும், தமிழன்றி வேறறியாத பாட்டியும், இத்தகைய படத்தை அருகருகே அமர்ந்து கண்டு, ஒரே இடத்தில் கண்கலங்க இயலும். தாய்மொழியைப் பேணுவது நம் கடன். மொழி எட்டாத இடத்தில் தலைமுறைகளை இணைக்கும் இசையைப் போற்றுவதும் நம் கடனே.