50 சிசியில் எவ்வளவு பிழியலாம்?

மெல்பர்ன் மேற்குல, எங்க ட்ருகனினா பக்கம், டெலிவரி வேலை பார்க்கிற பசங்க அடிக்கடி கேக்கிற கேள்வி ஒண்ணு: "50 சிசி ஸ்கூட்டரை எப்படிடா 70-ல ஓட வைக்கிறது?" பதில் சொல்றதுக்கு முன்னாடி, இந்த 50-ங்கிற நம்பரோட கதையைக் கொஞ்சம் பார்க்கலாம்.

இந்த 50, இஞ்சினியர் போட்ட கோடு இல்லீங்க. சட்டம் போட்ட கோடு. இத்தாலியில 50 சிசிக்கு மேல போனா நம்பர் பிளேட்டு, லைசென்ஸுன்னு ஆகவே, 1963-ல வெஸ்பா 50 வந்துச்சு. அப்ப 14 வயசுப் பையன் லைசென்ஸ் இல்லாமலே ஓட்ட முடிஞ்சுது. நம்ம ஊர் 1988 மோட்டார் வாகனச் சட்டமும் 50 சிசிக்குள்ள இருந்தா 16 வயசுல ஓட்டலாம்னு சொல்லுது. ஆக, கோட்டுக்குள்ளயே நின்னு பவரைக் கூட்டணும். அங்கதான் விளையாட்டு ஆரம்பிச்சுது.

அதுல பெரிய கில்லாடி கிழக்கு ஜெர்மனியோட வால்டர் காடன். டூ ஸ்ட்ரோக்ல ஒரு பிரச்சனை உண்டு. புகை வெளிய போற வழியாவே எரியாத புது பெட்ரோல் கலவையும் கொஞ்சம் ஓடிப் போயிடும். சைலன்சர் குழாயை நடுவுல உப்ப வச்சு, அப்புறம் குறுக்கினா, அழுத்த அலை திரும்பி வந்து அந்தக் கலவையை மறுபடி சிலிண்டருக்குள்ள தள்ளும். காடன் இந்தக் கணக்கை எம்இசட் கம்பெனியில வச்சு, 1961-ல 125 சிசியில 25 குதிரைத்திறன் எடுத்தார். அதே வருஷம் அவரோட ரேஸ் வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் ஸ்வீடன் பந்தயத்துல இருந்து தப்பிச்சு, வித்தையோட சுசுகியில போய்ச் சேர்ந்தார். 1962-ல உலக 50 சிசி பட்டம் சுசுகிக்கு! சினிமா தோத்துடும் :-)

ஆனா இதுக்கு ஒரு விலை இருக்கு. அந்த அலை ஒரு குறிப்பிட்ட சுழற்சி வேகத்துலதான் சரியான நேரத்துக்குத் திரும்பி வரும். அதுக்குக் கீழ இஞ்சின் மூச்சு வாங்கும். அதனாலதான் 1967-ல சுசுகியோட 50 சிசி ரேஸ் வண்டிக்கு 14 கியர் தேவைப்பட்டுச்சு.

இப்ப ஓசூருக்கு வாங்க. 1980-ல டிவிஎஸ் 50. அப்புறம் வந்த எக்ஸ்எல் சூப்பருக்கு 70 சிசி, பவர் வெறும் 3.5 குதிரைத்திறன், ஒரே ஒரு கியர். ஆனா இழுவை முழுசும் 3750 சுழற்சியிலயே கிடைச்சுடும். பால் கேன், காய்கறி மூட்டை, பின்னாடி ஒரு ஆளுன்னு ஏத்தினாலும் முனகிக்கிட்டே போகும். 2015-ல வந்த ஃபோர் ஸ்ட்ரோக் எக்ஸ்எல் 100-ம் அதே வழிதான். 3500 சுழற்சியில முழு இழுவை. ஐரோப்பாக்காரன் பெர்ஃபார்மன்ஸ்னா வேகம்னு நினைச்சான். நம்மாளு சுமைன்னு நினைச்சான். ரெண்டையும் ஒரே குட்டி இஞ்சின்ல எடுக்க முடியாது.

சரி, ட்ருகனினா கேள்விக்கு வருவோம். என் ரூம்மேட்டும் 70 சிசி கிட், ரேஸ் சைலன்சர்னு விலை விசாரிச்சுக்கிட்டு இருந்தான். நான் அவன்கிட்ட ஒரு கணக்கு சொன்னேன். வேகம் 50-ல இருந்து 70 ஆனா, பிரேக் நிறுத்த வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய ரெண்டு மடங்கு. பிரேக் அதேதான், சின்னச் சக்கரம் அதேதான். பக்கத்துல குடோன் லாரிங்க. 2020 கடைசியில ரெண்டே மாசத்துக்குள்ள ஆஸ்திரேலியாவுல அஞ்சு உணவு டெலிவரி ஆளுங்க ரோட்டுல செத்துப் போனாங்க. விபத்துல மாட்டினா, பதிவுல இருக்கிற வண்டியும் ஓட்டின வண்டியும் வேறன்னு ஆகி, இன்ஷூரன்ஸும் கைவிரிக்கலாம்.

அதை விட முக்கியமான விஷயம்: குயின்ஸ்லாந்துல கார் லைசென்ஸ் இருந்தா 50 சிசி மொபெட் ஓட்டலாம். விக்டோரியாவுல மொபெட்டுக்கும் மோட்டார் சைக்கிள் லைசென்ஸ்தான் வேணும். அதே லேர்னர் பெர்மிட்டுல 125 சிசியும் ஓட்டலாம். அப்புறம் எதுக்கு இந்த 50-ஐக் கட்டிக்கிட்டு அழணும்? இத்தாலிப் பையனுக்கு இருந்த காரணம் இங்க நமக்கு இல்லையே!

கையில இருக்கிறது 50 சிசிதான், இப்போதைக்கு மாத்த வழி இல்லைன்னா, தொலைஞ்ச பவரை மட்டும் திரும்ப எடுங்க. தேய்ஞ்ச பெல்ட்டையும் வேரியேட்டர் ரோலரையும் மாத்துங்க. ஏர் ஃபில்டர், கார்புரேட்டரைச் சுத்தம் பண்ணுங்க. டயர்ல காத்து சரியா இருக்கட்டும். டூ ஸ்ட்ரோக்னா சைலன்சர்ல அடைஞ்ச கார்பனை எடுங்க. நம்மூர் மெக்கானிக் அண்ணன்மார் காலங்காலமா பண்ணினது இதைத்தான்.

அதுக்கு மேல வேகம் வேணும்னா 125-க்குப் போயிடுங்கப்பா. ரூம்மேட் இன்னும் யோசிச்சுக்கிட்டே இருக்கான். நீங்களும் ரெண்டு வார்த்தை சொன்னா கேப்பான்.